பிறந்த ஊர் என்கிற கட்டம்

2025 மே மாத நடுவில், பர்மாவில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி டியூட்டி. இரண்டு மணிக்கு ஐ.சி.யு.வில் எல்லாருக்கும் பி.பி. பார்த்துச் சார்ட்டில் ஏற்றிவிட்டு, மருந்து அறைக்குள் போய் போனைத் திறந்தேன். ஜூன் மாத விசா புல்லட்டின் வந்திருந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் போடும் அட்டவணை அது. வேலை வழியாக நிரந்தரக் குடியேற்றம் கேட்டவர்களில், எந்தத் தேதி வரை மனுப் போட்டவர்களுக்கு அந்த மாதம் விசா கிடைக்கும் என்று அதில் இருக்கும். நர்ஸ்கள் வருவது மூன்றாவது வரிசையில். அந்த வரிசையின் முதல் கட்டத்தில், தனியாகப் பெயர் குறிப்பிடாத மற்ற நாடுகளுக்கெல்லாம் சேர்த்து, 2023 பிப்ரவரி 8 என்று போட்டிருந்தது. என் தேதி 2023 ஜனவரி 17.

மருந்தையும் சீட்டையும் மூன்று தடவை ஒத்துப் பார்க்க வேண்டும் என்று முதல் வருஷத்திலேயே பழக்கிவிடுவார்கள். அந்தத் தேதியையும் அப்படித்தான் மூன்று தடவை பார்த்தேன். அதற்குள் வி.பி.என். அறுந்து, ஒட்டி, மஸ்கட்டிலிருந்து அக்காவின் குரல் செய்தி வந்துவிட்டது. "உன் தேதி வந்துடுச்சுடி. பாத்தியா? அம்மாகிட்ட சொல்லு முதல்ல." அவளுடைய தேதியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதே வரிசையில் இந்தியா என்று எழுதிய கட்டத்தில் 2013 ஏப்ரல் 15 என்று இருந்தது. அக்காவின் தேதி 2019 ஆகஸ்ட்.

நானும் அக்காவும் ஒரே தொழில். ஒரே பரீட்சை எழுதினோம். ஒரே வகை மனு. அவள் என்னைவிட மூன்றரை வருஷம் முன்னால் வரிசையில் நின்றவள். வித்தியாசம் ஒன்றுதான். அவள் பிறந்தது சென்னை வியாசர்பாடியில். நான் பிறந்தது பர்மாவில், யாங்கோனிலிருந்து பாகோ ஆற்றுக்கு அக்கரையில், தன்லினில்.

அவள் என் பெரியப்பா மகள். பெரியப்பாவும் பர்மாவில் பிறந்தவர்தான். 1962 மார்ச்சில் நெ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு வங்கி, மில், மொத்த வியாபாரம், கடைசியில் தெருக்கடை வரை எல்லாம் அரசாங்கத்துக்குப் போனது. 1964 மே மாதம் 50 சாட், 100 சாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். என் தாத்தாவின் அண்ணன் அப்போது பிரேசர் தெருவில் (இப்போதைய அனோரதா சாலை) சின்னதாக மளிகைக்கடை வைத்திருந்தார். கடையும் போய், பெட்டியில் இருந்த நோட்டும் காகிதமான பிறகு, மனைவியையும் 9 வயசு மகனையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குக் கப்பல் ஏறினார். அந்த மகன்தான் பெரியப்பா. என் தாத்தாவுக்குக் கடை கிடையாது. சிரியம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் கூலி. ஆலை அரசாங்கத்தினுடையது ஆனாலும் பீப்பாய் உருட்ட ஆள் வேண்டுமே, அதனால் வேலை நின்றது. தாத்தாவும் நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் இதை யாரும் பெரிய முடிவாகச் சொன்னதில்லை. "உங்க தாத்தாவுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்ல," என்பாள் ஆயா. அவ்வளவுதான்.

அந்த டிக்கெட்தான் அறுபது வருஷம் கழித்து அமெரிக்க அட்டவணையில் எங்கள் இரண்டு பேரையும் வேறு வேறு கட்டத்தில் உட்கார வைத்தது.

வேலை வழியாகக் கொடுக்கும் நிரந்தரக் குடியேற்ற விசா அங்கே வருஷத்துக்குச் சுமார் 1,40,000. அதில் மூன்றாவது வரிசைக்கு 28.6 சதவீதம், அதாவது ஏறக்குறைய 40,000. இந்த 40,000-க்குள் நர்ஸ் மட்டும் இல்லை, கணக்கர், சமையல்காரர், பொறியாளர் எல்லாரும் வருவார்கள். அவர்களுடைய கணவன், மனைவி, பிள்ளைகளும் இதே கணக்கில்தான். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கிற இந்தியாவுக்கும் அதே 7, பர்மாவுக்கும் அதே 7. அந்த 'நாடு' என்பது கையில் இருக்கும் பாஸ்போர்ட் இல்லை, பிறந்த இடம். அக்கா நாளைக்கே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினாலும் அவள் இந்திய வரிசையில்தான் நிற்பாள். பெரியப்பா ரங்கூனில் பிறந்தவர் என்பதால் அவளுக்குப் பிரயோஜனம் இல்லை. அத்தான் பர்மாவில் பிறந்திருந்தால், அவர் பிறந்த ஊரைக் காட்டி எங்கள் கட்டத்துக்கு வந்திருக்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. அத்தான் உசிலம்பட்டி.

தற்காலிக விசாவில் போகலாமே என்று பலர் கேட்கிறார்கள். நர்ஸ்களுக்கென்று ஹெச்-1சி என ஒன்று இருந்தது, 2009-ல் முடிந்துபோனது. ஹெச்-1பி, பட்டப்படிப்பு கட்டாயமான வேலைக்குத்தான். சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. எங்கள் தொழிலில் ஆள் பற்றாக்குறை என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையே ஒத்துக்கொண்டு, உள்ளூரில் ஆள் தேடிப் பார்த்தோம் என்று நிரூபிக்கும் வேலையிலிருந்து நர்ஸ்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆள் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறார்கள், ஆனால் உள்ளே போக இந்த ஒரு வரிசையைத் தவிர வேறு வழி வைக்கவில்லை.

வரிசையில் நிற்பதற்கு முன்னால் காகிதம் சேர்க்க எனக்கு நாலு வருஷத்துக்கு மேல் ஆனது. முதலில் பெயர். எனக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். இங்கே நம் பிள்ளைகள் பலருக்கும் அப்படித்தான். கோயிலில் அர்ச்சனைக்குத் தமிழ்ப் பெயர், சர்ட்டிபிகேட்டில் மூன்று அசையில் பர்மியப் பெயர். பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரும் ஒட்டாது. எங்கள் பாஸ்போர்ட்டில் 'பெயர்' என்று ஒரே கோடுதான். அமெரிக்க மனுவில் இரண்டு கட்டம், முதற்பெயர், குடும்பப் பெயர். ஒன்றைக் காலியாக விட்டால் 'முதற்பெயர் தெரியாது' என்று அர்த்தம் வரும்படி எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்தை அவர்களே போட்டுவிடுகிறார்கள். இருக்கிற பெயரைப் பிய்த்து இரண்டு கட்டத்திலும் போட்டால் பாஸ்போர்ட்டோடு ஒத்துவராது. சான்றுகளைச் சரிபார்க்கும் நிறுவனத்துக்கு ஒருவிதமாகவும் பரீட்சைக்கு ஒருவிதமாகவும் என் பெயர் பதிவாகி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று வக்கீலிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி அனுப்பவே ஐந்து மாதம் போனது.

பிறகு படித்த காகிதம். பெரியவர்கள் நோய், பிரசவம், குழந்தைகள், மனநலம் என்று ஒவ்வொரு பாடத்திலும் வகுப்பில் எத்தனை மணி நேரம், வார்டில் எத்தனை மணி நேரம் என்று படித்த இடத்திலிருந்து நிரப்பித் தர வேண்டும். நர்ஸ் கவுன்சில் உரிமத்துக்குச் சான்று தர வேண்டும். இரண்டையும் என் கையில் கொடுக்கக்கூடாது, அங்கிருந்து நேரே அமெரிக்காவுக்குப் போக வேண்டும். போலிச் சான்று வரக்கூடாது என்பதற்காக வைத்த விதி, அதைக் குறை சொல்ல மாட்டேன். இந்தச் சரிபார்ப்பைச் செய்யும் அமெரிக்க நிறுவனம் சி.ஜி.எஃப்.என்.எஸ். (2025-ல் பெயர் மாறி ட்ரூமெரிட்) 1977-ல் தொடங்கியது. வெளிநாட்டு நர்ஸுக்கு விசா ஸ்கிரீன் சான்று இருந்தால்தான் விசா என்று 1996-ல் சட்டமே வந்துவிட்டது. படிப்பு, உரிமம், ஆங்கிலம், பரீட்சை நான்கும் தேறினால் அந்தச் சான்று. ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். மொத்தத்தில் 6.5, பேச்சில் 7. நான் பேச்சில் இரண்டு தடவை 6.5-ல் நின்று, மூன்றாம் தடவை தாண்டினேன்.

உரிமச் சான்று தரும் அலுவலகத்தில் என் பைலைப் பார்த்த மமாவைச் சொல்ல வேண்டும். மமா என்றால் பர்மியத்தில் அக்கா. அறுபதை நெருங்கிய அம்மாள், கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சு வட்டமாக, மேஜையில் ஒரு டப்பா லப்பே, அதாவது ஊறவைத்த தேயிலை. என் மனுவை அவர் முதலில் வாங்கியது 2020 டிசம்பரில். 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியை எடுத்தது. இரண்டே நாளில் அரசு ஆஸ்பத்திரி டாக்டர்களும் நர்ஸ்களும்தான் முதலில் வேலையை நிறுத்தினார்கள், அதன் பிறகுதான் மற்ற துறைகள். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் அந்த வாரமே சீருடையைக் கழற்றினார்கள். அவர்களில் இன்றைக்குத் தங்கள் உரிமத்துக்கு ஒரு சான்று கேட்டு எந்தக் கவுண்டருக்கும் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதையை அவர்கள் சொல்வதுதான் முறை. நான் தனியார் ஆஸ்பத்திரி, அதனால் என் பைல் பைலாகவே இருந்தது. ஆனால் அதைத் தொட ஆள் இல்லை. 2021 நவம்பரில் மறுபடி போனேன். அதே மேஜை, அதே மமா. பழைய கட்டிலிருந்து என் மனுவை உருவி எடுத்தார். ஓரத்தில் கரையான் அரித்திருந்தது. "ஞீமா, இதைப் புதுசா எழுதிக் குடு, நான் இன்னைக்கே முத்திரை போடறேன்," என்றார். ஞீமா என்றால் தங்கச்சி. அவர் முத்திரை குத்தும்போது காகிதத்தின் கீழே ஒரு துண்டு ரப்பர் வைத்து, எழுத்து முழுசாகப் பதிகிறதா என்று குனிந்து பார்த்துக் குத்துவார். மங்கலாக விழுந்தால் அமெரிக்காவில் திருப்பிவிடுவார்கள் என்று யார் அவருக்குச் சொன்னார்களோ.

பணம் இன்னொரு பாடு. 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 1,330 சாட். பரீட்சைக்கு 200 டாலர், வெளிநாட்டு மையத்தில் எழுத மேலும் 150. சாட்டில் வாங்கும் சம்பளத்தில் எண்ணி எடுத்து வைப்பதற்குள் டாலர் ஏறிவிடும். 2025-ல் வெளிச்சந்தையில் அது நாலாயிரத்தைத் தாண்டி நின்றது. இங்கிருக்கும் கார்டில் வெளிநாட்டுக்குக் கட்ட முடியாமல், சிங்கப்பூரில் வேலை செய்யும் சித்தி மகன் கார்டில் கட்டி, அவன் அம்மாவுக்கு இங்கே சாட்டாகக் கொடுத்தோம்.

அந்தப் பரீட்சைக்கு, அதாவது அமெரிக்க நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸுக்கு, பர்மாவில் மையம் கிடையாது. சென்னையில் உண்டு. 2022-ல் பாங்காக் வழியாகப் போய் வியாசர்பாடியில் பெரியப்பா வீட்டில் பத்து நாள் தங்கினேன். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக வந்த குடியிருப்பு அது. வாசலில் இறங்கியதும் பூண்டும் எண்ணெயும் வறுபடும் வாசனை, பர்மிய நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடை. அக்கா நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, எனக்குக் கேள்வி வாசிப்பாள். "நாலு பேஷண்ட். யாரை முதல்ல பாப்ப?" நான் சொல்வேன். "ஏன்?" என்பாள். ஏன் என்று சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போகவிட மாட்டாள். அவள் அந்தப் பரீட்சையை எழுதி நாலு வருஷம் ஆகியிருந்தது. எனக்காகப் புத்தகத்தை மறுபடி முழுசும் படித்திருந்தாள் என்பதைப் பெரியம்மா சொல்லித்தான் தெரிந்தது.

மையத்தில் உள்ளங்கையை ஒரு கருவி மேல் வைக்கச் சொன்னார்கள். தோலுக்குக் கீழே இருக்கும் ரத்தநாளத்தின் ஓட்டத்தைப் படம் பிடிக்கிறது. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் மறுபடி கை வைக்க வேண்டும். ஆள் மாறாட்டம் நடக்காது. என் கை என்னுடையதுதான் என்று அந்த யந்திரம் ஒவ்வொரு தடவையும் ஒத்துக்கொண்டது. அப்போது குறைந்தது 75 கேள்வி, அதிகம் 145, ஐந்து மணி நேரம். (2023 ஏப்ரலிலிருந்து அது 85-லிருந்து 150.) இந்த ஆள் தேறுவாள் அல்லது தேறமாட்டாள் என்பது உறுதியாகிற இடத்தில் கம்ப்யூட்டரே நிறுத்திவிடும். எனக்கு 75-லேயே திரை வெளுத்தது. படியிறங்கி வந்தபோது அக்கா எதிர் டீக்கடையில் நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்தாளே தவிர ஒன்றும் கேட்கவில்லை. டீயை என் கையில் கொடுத்தாள்.

தேறியதும் அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்று எனக்காக ஐ-140 என்கிற குடியேற்ற மனுப் போட்டது, அது போய்ச் சேர்ந்த நாள்தான் அந்த 2023 ஜனவரி 17. மற்றதெல்லாம் காத்திருப்பு.

காத்திருந்த காலத்தில் என் அத்தையை நிறைய நினைத்துக்கொண்டேன். பர்மாவின் 1982 குடியுரிமைச் சட்டம் ஆட்களை மூன்றாகப் பிரித்தது. 1823-க்கு முன்பே இந்த மண்ணில் இருந்த இனத்தார் பிறப்பாலேயே குடிமக்கள், அவர்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை. மற்றவர்களில் சிலருக்கு நீலம், சிலருக்குப் பச்சை. பேரப்பிள்ளை தலைமுறை வந்தால்தான் முழு அட்டை. எங்கள் அத்தைக்குப் பச்சை. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தவள், நர்சிங் படிக்க ஆசைப்பட்டுப் போனபோது அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முப்பது வருஷம் ஒரு பிரசவ விடுதியில் தரை துடைத்து, தொட்டில் துணி துவைத்தாள். என் பதினெட்டாம் வயதில் எனக்கு இளஞ்சிவப்பு அட்டை வந்த அன்று அத்தைதான் அதை அனோரதா சாலைக் காளியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்து எடுத்து வந்தாள். 1871-ல் நம்மாட்கள் கட்டிய கோயில். அத்தனை தலைமுறையாக இங்கேயே இருந்தும், பர்மாக்காரி என்று எழுதிய ஒரு காகிதம் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக என் கைக்குத்தான் வந்தது.

2025 ஜூன் 4-ல் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். ஜூன் 9 முதல் 12 நாட்டுக் குடிமக்கள் உள்ளே வரக்கூடாது, நிரந்தர விசாவும் கிடையாது, தற்காலிக விசாவும் கிடையாது. அகர வரிசைப் பட்டியலில் ஆப்கானிஸ்தானுக்கு அடுத்தது பர்மா. என் தேதி வந்த மாதமும் அதே ஜூன். ஏற்கெனவே விசா குத்தி வாங்கியவர்களுக்கு ரத்து இல்லை. நான் நேர்காணல் கடிதத்துக்குக் காத்திருந்தவள்.

வரிசைக்குப் பிறந்த ஊரைப் பார்த்தார்கள். தடைக்கு ஊரைப் பார்க்கவில்லை, பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள். தன்லினில் என் பக்கத்து வீட்டில் பிறந்து வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், அதில் பயணம் செய்தால் இந்தத் தடை அவரைத் தொடாது. என்னைத் தொடும். மூன்று தலைமுறை கழித்துக் கிடைத்த அந்தக் குடியுரிமைதான் காரணம்.

பிரகடனத்தை வரி விடாமல் படித்தேன். பர்மாவைச் சேர்த்ததற்குச் சொன்ன காரணம், சுற்றுலா, வியாபார விசாவில் வந்தவர்களில் 27.07 சதவீதமும், மாணவர், பரிமாற்ற விசாவில் வந்தவர்களில் 42.17 சதவீதமும் காலம் முடிந்தும் தங்கிவிட்டார்கள் என்பது. அவர்கள் நாட்டு வாசலில் யாரை விடுவது என்று தீர்மானிக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது, அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் நான் கேட்டது நிரந்தரமாகத் தங்குவதற்கான விசா. அதற்கு முடிகிற தேதி கிடையாது. முடியாத ஒன்றை மீறித் தங்குவது எப்படி? விலக்குப் பட்டியலையும் படித்தேன். உலகக் கோப்பைக்கும் ஒலிம்பிக்குக்கும் வருகிற விளையாட்டு வீரர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். நர்ஸ் என்ற சொல் எங்கேயும் இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. எங்கள் கையின் ரத்தநாளம் வரை பார்த்துச் சரி என்று சொன்னவர்கள், கடைசியில் கையைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்தார்கள்.

அம்மாவிடம் சொல்ல நாலு நாள் ஆனது. அக்காவிடம் அன்றே சொன்னேன். அவள் 2024-லேயே, வரிசை நகராது என்று ஓமனுக்குப் போய்விட்டாள். அதற்கும் சான்றுகளை மறுபடி சரிபார்க்கக் கொடுத்து, பிராமெட்ரிக் பரீட்சை தனியாக எழுதினாள். பிள்ளை வியாசர்பாடியில், அவள் மஸ்கட்டில். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நான் பின்னால நிக்கிறது பழகிடுச்சு. உனக்குப் பழகக் கூடாதுன்னு நெனச்சேன்டி," என்றாள்.

விசா ஸ்கிரீன் சான்றுக்கு ஐந்து வருஷம் ஆயுள். என்னுடையதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை அம்மா, தாத்தாவின் வெளிநாட்டவர் பதிவுப் புத்தகம் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறாள். தாத்தா புத்தகத்தில் ஊர் பெயர் சிரியம். என் பாஸ்போர்ட்டில் தன்லின். ஊர் ஒன்றுதான், பெயரை 1989-ல் மாற்றினார்கள்.

இப்போது சிங்கப்பூருக்கு மனுப் போடுகிறேன். அங்கேயும் நர்சிங் வாரியத்துக்கு இங்கிருந்து உரிமச் சான்று போக வேண்டும். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி டியூட்டி முடித்து நேரே அலுவலகத்துக்குப் போனேன். மமாவுக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான் இருக்கிறதாம். பைலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மறுபடியுமா, ஞீமா?"

"ஆமா, மமா. மறுபடியும்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து அந்த ரப்பர் துண்டைத் தேடினார்.